போடிக்கு ரயில் வந்துவிட்டது. ஊர் எழுந்துவிடுமா?

குரங்கணியான் | 2023 ஆகஸ்ட் 12, இரவு 8.40

ஜூன் 15 இரவு போடி ஸ்டேஷனில் நானும் நின்றேன். சென்னை ரயில் நகர ஆரம்பித்ததும் பக்கத்தில் நின்ற சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எழுபது வயது, இலவம் பஞ்சு வியாபாரம். 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு மீட்டர்கேஜ் என்கிற பழைய குறுகிய பாதை ரயில் நின்றபோது, "ரெண்டு வருசத்துல அகல ரயில் வந்துரும், கவலைப்படாதே" என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். பன்னிரண்டரை வருடம் ஆகிவிட்டது. மொத்தமே 90 கிலோமீட்டர் பாதை. மதுரையிலிருந்து தேனிவரை 2022 மே மாதம், மிச்சமிருந்த 15 கிலோமீட்டருக்கு இன்னும் ஒரு வருடம்.

தேனி மாவட்டம் பின்தங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம் என்பது என் கட்சி. வழி கெட்டது, ஊர் கெட்டது. நம் ஊர் வரலாறே இதற்குச் சாட்சி. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் போடி வழியாகத்தான் இறங்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கில் டாப் ஸ்டேஷன்வரை சின்ன ரயில், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடி, கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. அதைத் திரும்பக் கட்டவில்லை. 1928ல் போடிக்கு ரயில் வந்தது, ஆனால் மேலே இருந்த ரயில் அதற்குள் போய்விட்டது. 1930களில் ஆலுவாவுக்கு நல்ல சாலை போட்டார்கள், நேரியமங்கலத்தில் பாலம் கட்டினார்கள். மூணாறு மெல்ல மெல்லக் கொச்சிப் பக்கம் திரும்பிக்கொண்டது. நாம் போடியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது வந்திருக்கிற அகல ரயில் இதை மாற்றும் என்று நம்புகிறேன். இல்லை என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

மலையடிவாரம் | ஆகஸ்ட் 12, இரவு 9.25

காரணத்தோடு வருகிறேன் நண்பரே. உத்தமபாளையத்தில் இருபது வருடமாகப் பொருளாதாரம் நடத்துகிறேன், இந்தக் கேள்வி வகுப்பில் வருடாவருடம் வரும்.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ரயில் இல்லை என்பதற்காகப் போடியில் ஏலக்காய் ஏலம் ஒரு வாரமாவது நின்றதா? ஸ்பைசஸ் போர்டு என்கிற நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மேலே கேரளத்துப் புத்தடியிலும் நடந்தது. மூட்டைகள் லாரியில் வடக்கே போய்க்கொண்டே இருந்தன. ஏலக்காய் எடை குறைவு, விலை அதிகம். அந்த மாதிரிச் சரக்குக்கு ரயில் பெட்டி தேவைப்படுவதே இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். இடுக்கி மாவட்டத்தில் இன்றுவரை ஒரு அடி தண்டவாளம் கிடையாது. ஏலக்காய்ப் பணம் எங்கே நிற்கிறது, மேலேயா கீழேயா? நிலம் யார் கையில் இருக்கிறது, காயை உலர்த்துகிற ஸ்டோர் யார் கையில் இருக்கிறது, கடன் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. வழியை அதற்குப் பிறகு பேசலாம்.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியது. அந்தச் சாலைகள் வந்த ஊர்களை எடுத்து ஆஷர், நோவோசாட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வு 2020ல் வெளியானது. சாலை வந்து நான்கு வருடம் கழித்துப் பார்த்தால், வயல் வேலையை விட்டு வெளி வேலைக்குப் போகிறவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் விளைச்சலிலோ வருமானத்திலோ வீட்டில் இருக்கிற சொத்திலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. அதாவது, வழி நன்றாக இருந்தால் ஆள் வெளியே போக முடிகிறது, அவ்வளவுதான். நம் பிள்ளைகள் இனிமேல் சென்னைக்குத் தூங்கிக்கொண்டே போவார்கள். அது சௌகரியம். அதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கம்பம் தோட்டத்தான் | ஆகஸ்ட் 12, இரவு 10.02

வாத்தியார் ஏலக்காயைச் சொல்லிட்டு ஒதுங்கிட்டாரு. ஏலக்காயை ஒரு வாரம் மூட்டையில போட்டு வச்சாலும் ஒண்ணும் ஆகாது சார். திராட்சைக்கு வாங்க.

எனக்கு ரெண்டரை ஏக்கர் பன்னீர் திராட்சை. இந்த ஏப்ரல்லதான் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. குலை வெட்டி, வேப்பங்கொழையோ பேப்பரோ கீழ விரிச்சு, பெட்டியில காம்பு மேல பார்க்க அடுக்குவோம். அடுக்குறது எங்க வீட்டம்மா. கை படாம, பழத்து மேல இருக்கற சாம்பல் அழியாம அடுக்குவா. அந்தச் சாம்பல் இருந்தாத்தான் அன்னைக்கு வெட்டின பழம்னு வியாபாரி நம்புவான். இவ்வளவும் செஞ்சு வண்டியில ஏத்தி விட்டா, ரோட்டுல இருக்கற ஒவ்வொரு குழியும் ஒரு பெட்டியில பத்துப் பழத்தை உதுத்து விட்டுரும். மார்க்கெட்ல பெட்டியைத் தூக்கி ஒரு குலுக்கு குலுக்குவான். அடியில எவ்வளவு உதிரி கிடக்குன்னு கையை விட்டுப் பார்ப்பான். உதிரிக்கு விலை பாதி, சில நாள் அதுவும் இல்ல.

புறவழிச்சாலை வர்றதுக்கு முன்னாடி உத்தமபாளையம், சின்னமனூர் ஊருக்குள்ள புகுந்து வர்றதுக்குள்ள பழம் வெயில்ல வெந்துரும். இப்ப அந்தக் கஷ்டம் குறைஞ்சிருக்கு. அதே பழம், அதே தோட்டம், அதே மருந்துச் செலவு. ரோடு மட்டும்தான் மாறுச்சு. கையில நிக்கற காசு கூடியிருக்கு. இதை எந்த ஆய்வுல எழுதியிருக்காங்களோ தெரியாது, என் கணக்கு நோட்டுல எழுதியிருக்கேன்.

ஆனா ஒண்ணு. மெயின் ரோட்டுல இருந்து எங்க தோட்டத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் தார் ரோடு போட்டாங்க, மூணு மழைக்குத் தாங்கல. ஜல்லி மேல வந்துருச்சு. மெயின் ரோட்டுல மிச்சம் பிடிச்ச பழத்தை அந்த ரெண்டு கிலோமீட்டர்ல விடுறேன்.

பழைய மீட்டர்கேஜ் | ஆகஸ்ட் 13, காலை 6.15

ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. வேலைக்காலம் முழுக்கத் தண்டவாளத்தோடுதான். மலையடிவாரம் ஐயா சொன்ன ஆய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது கிராமச் சாலையைப் பற்றியது. பெரிய வழித்தடங்களைப் பற்றி வேறு ஆய்வு இருக்கிறது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கிற தங்க நாற்கரச் சாலை வந்தபோது, அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்த மாவட்டங்களில் ஆலை உற்பத்தி நன்றாகக் கூடியது. தள்ளியிருந்த மாவட்டங்களில் அப்படி இல்லை. அதே காலத்தில் அறிவித்துத் தாமதமாகிப்போன வடக்கு–தெற்குச் சாலையை ஒட்டிய மாவட்டங்களிலும் அந்த வளர்ச்சி தெரியவில்லை. அந்த வடக்கு–தெற்குச் சாலைதான் திண்டுக்கல், மதுரை வழியாகப் போகிறது. தேனி அதிலிருந்தும் எழுபது கிலோமீட்டர் மேற்கே.

இப்போது ரயில் அளவுக்கு வருவோம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு மனத்தாங்கல் உண்டு. சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகப் போகிற பாதையை மதராஸ் ரயில்வே 1860களிலேயே அகலப்பாதையாகப் போட்டது. தெற்கே தென்னிந்திய ரயில்வே போட்டது மீட்டர்கேஜ். 1676 மில்லிமீட்டருக்கும் 1000 மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் தாளில் பார்த்தால் மூன்று சாண்கூட இல்லை. களத்தில் அது என்ன செய்தது தெரியுமா? வடக்கே இருந்து பஞ்சோ நிலக்கரியோ வந்தால் அளவு மாறுகிற இடத்தில் எல்லாவற்றையும் கீழே இறக்கி, சின்னப் பெட்டியில் திரும்ப ஏற்ற வேண்டும். கூலி இரட்டிப்பு, சேதம் இரட்டிப்பு, காத்திருப்பு தனி. மதுரையிலிருந்து திருச்சி வழியாகச் சென்னைக்குப் போகிற பாதை முழுக்க அகலமானதே 1990களின் இறுதியில்தான். நூறு வருடத்துக்கு மேல் இந்த வித்தியாசம் இருந்தது. கொங்கு நாடு உழைத்து முன்னேறியது, தென்மாவட்டக்காரன் சோம்பேறி என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு இந்த 676 மில்லிமீட்டர்தான் நினைவுக்கு வரும்.

போடிப் பாதையைப் போர்க்காலத்தில் பெயர்த்தே எடுத்துக்கொண்டு போனார்கள், 1950களில்தான் திரும்பப் போட்டார்கள் என்பதையும் இளையவர்கள் தெரிந்துகொள்ளட்டும். அவசரம் என்றால் முதலில் பிடுங்குவது இந்தப் பாதையை. பணம் ஒதுக்கும்போது கடைசியில் நினைப்பதும் இந்தப் பாதையை. வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பாலம் ஒரு வருடம், ஆண்டிபட்டிக் கணவாயில் பாறை வெட்டுகிற வேலை ஒரு வருடம், தண்டவாளத்துக்கு மண் கரை போடுவது ஒரு வருடம் என்று இழுக்கும். பாதி வெட்டிப்போட்ட இடத்தில் மழை பெய்து மண் சரிந்தால், அதை அள்ளுவதற்குத் திரும்பச் செலவு.

மலையடிவாரம் | ஆகஸ்ட் 13, காலை 8.50

பழைய மீட்டர்கேஜ் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அளவு வித்தியாசம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். சரக்கை இறக்கி ஏற்றுகிற செலவை நான் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

ஆனாலும் இடிக்கிறது. அதே அகலப்பாதையில் அதே 1860களிலிருந்து இருக்கிற எத்தனையோ ஸ்டேஷன்கள் இன்றும் வெறும் ஸ்டேஷன்களாகத்தானே நிற்கின்றன? அவை எல்லாம் திருப்பூர் ஆகவில்லை. திருப்பூரில் பனியன் தைக்கத் தெரிந்தவனுக்கு இன்னொருவன் முதல் கொடுத்தான், நூலைக் கடனுக்குக் கொடுத்தான், சாயப்பட்டறைக்காரன் தவணை கொடுத்தான். அந்த வலை இல்லாத இடத்தில் பாதை மட்டும் கிடந்து என்ன பயன்? நம் மாவட்டத்தில் அந்த வலை எங்கே? சின்னமனூர் வாழை தாரோடு வெளியே போகிறது. திராட்சை பழமாகவே போகிறது. இலவம் பஞ்சில் மட்டும்தான் மெத்தையும் தலையணையும் இங்கேயே தைக்கிறோம். பஞ்சுக்கு நாம் செய்ததை ஏன் பழத்துக்குச் செய்யவில்லை?

கம்பம் தோட்டத்தான் அண்ணே, உங்கள் உதிரிப் பழத்தை வாங்கிச் சாறு பிழிய ஊருக்கு ஒரு சின்ன ஆலையும் குளிரூட்டிய கிடங்கும் இருந்தால், ரோட்டுக் குழி உங்களை இவ்வளவு அடித்திருக்குமா?

கம்பம் தோட்டத்தான் | ஆகஸ்ட் 13, காலை 9.30

அடிச்சிருக்காது. அது நியாயமான கேள்வி. ஆனா ஆலை வைக்க வந்த ஒருத்தரை நானே கூட்டிட்டுப் போய் இடம் காமிச்சேன், நாலு வருசம் முன்னாடி. அவரு மண்ணைப் பார்க்கல, பழத்தைப் பார்க்கல. நான் சொன்ன அந்த ரெண்டு கிலோமீட்டரைப் பார்த்தாரு. "இதுல என் வண்டி வராதுங்க"ன்னு திரும்பிப் போயிட்டாரு. அப்ப எது முன்னாடி வரணும், நீங்களே சொல்லுங்க.

குரங்கணியான் | ஆகஸ்ட் 13, காலை 10.10

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

செல்வி தேவாரம் | ஆகஸ்ட் 13, பிற்பகல் 3.20

ஞாயித்துக்கிழமை, அதனால எழுத நேரம் கிடைச்சுது. ரெண்டு நாளா நீங்க எல்லாரும் சரக்கைப் பத்தியே பேசுறீங்க. சரக்கு ஏத்துற வண்டியில ஆளும் போறாங்க.

நான் பதினாலு வருசம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவ. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு சோறு ஆக்கி, தூக்குவாளியில போட்டுக்கிட்டு, அஞ்சு மணிக்கெல்லாம் ஜீப்புக்கு நிக்கணும். எட்டுப் பேர் உட்கார்ற ஜீப்புல பதினஞ்சு பதினாறு பேரு. கடைசியா ஏறுறவ படியில ஒரு கால், வெளிய ஒரு கால். எனக்கு எப்பவும் பின்பக்கக் கம்பி ஓரம்தான் இடம். ஒவ்வொரு வளைவுக்கும் அந்தக் கம்பி இந்த எடது தோள்ல ஒரே இடத்துல இடிக்கும். வேலைக்குப் போறதை விட்டு ஆறு வருசம் ஆச்சு, இன்னும் மழைக்காலத்துல அந்த எடம் வலிக்குது. எங்க தெருவுல ரெண்டு பேரு ஜீப்பு கவுந்து திரும்பி வரல.

தேவாரத்துல நின்னு பார்த்தா தோட்டம் இருக்கற மலை நேரா தெரியும். சாக்கலூத்து மெட்டு வழியா ரோடு போட்டா கொஞ்ச நேரத்துல மேல போயிரலாம். அது இல்லாததால ஒண்ணு போடி மெட்டைச் சுத்தணும், இல்ல கம்பம் மெட்டைச் சுத்தணும். நான் சின்னப் புள்ளையா இருந்தப்பவே அந்த ரோட்டைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வனத்துல அனுமதி இல்லைன்னு இன்னும் அப்படியே இருக்கு. போகவும் வரவும் சுத்துற நேரத்துக்கு யாரும் கூலி தர்றதில்ல.

வாத்தியார் சொன்னது எனக்குப் புரியுது. நெலம் நம்மகிட்ட இல்ல, பணம் மேல இருக்கு. நெசம்தான். ஆனா நல்ல வழி வந்தா ஆளு வெளிய போயிரும்னு அதை ஒரு குறை மாதிரி எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுல நான் கடைசியா ஜீப்பு ஏறின ஆளா இருக்கணும்னுதான் என் மகளை மதுரையில நர்சிங் படிக்க வச்சிருக்கேன். அவ வெளிய போறது எனக்குக் குறையா தெரியல.

மலையடிவாரம் | ஆகஸ்ட் 13, மாலை 4.45

அம்மா, நீங்கள் எழுதியதற்குப் பிறகு என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். "அவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறேன். அதைப் போட்டிருக்கக் கூடாது. ஆய்வில் ஒரு வரியாக இருப்பது உங்கள் வீட்டில் ஒரு தலைமுறையின் விடுதலை. மன்னியுங்கள்.

ஆனால் சாக்கலூத்து மெட்டு விஷயத்தில் உங்களோடு நான் உடன்படவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மலையை வெட்டி இன்னொரு ரோடு போட்டால் என்ன ஆகும் என்பதை மூணாறு சாலையில் கேப் ரோடு என்கிற பகுதியில் பார்த்தோம். அகலப்படுத்துகிறேன் என்று பாறையை வெடித்தார்கள், மழைக்கு மலையே இறங்கி வந்தது, மாதக்கணக்கில் வழி அடைபட்டது. காட்டைக் கிழித்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. இருக்கிற போடி மெட்டு, கம்பம் மெட்டு ரோட்டில் விடியற்காலையில் தொழிலாளர்களுக்கென்று அரசுப் பேருந்து விடச் சொல்லி நாம் ஏன் கேட்கக் கூடாது?

செல்வி தேவாரம் | ஆகஸ்ட் 13, மாலை 5.10

பஸ்ஸு மெயின் ரோட்டுலயே நின்னுரும் சார். தோட்டம் அங்கிருந்து உள்ள அஞ்சாறு கிலோமீட்டர், மண் பாதை. அதுக்குத்தான் ஜீப்பு. காடு வேணும்னு எனக்கும் தெரியும், அந்த நெழல்லதானே ஏலமே வளருது. ஆனா அந்தக் காட்டுக்கு நாங்க கொடுக்கற விலையையும் யாராவது ஒரு நோட்டுல எழுதி வைங்க.

பழைய மீட்டர்கேஜ் | ஆகஸ்ட் 13, இரவு 7.30

அம்மா மகளைப் பற்றி எழுதியதும் எனக்கு ஒன்று உறைத்தது. போன மாதம் நான் மதுரையிலிருந்து போடி ரயிலில் போய் வந்தேன். தேனியில் இறங்கியபோது நடைமேடையில் கூட்டமே இல்லை. ஏன் என்று யோசித்தேன். அந்த ரயில் காலை எட்டு மணிக்கு மேல் மதுரையில் கிளம்பி போடிக்கு வருகிறது. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் போடியில் கிளம்பி மதுரைக்குப் போகிறது. 2022ல் தேனிவரை விட்டபோதும் இதே முறைதான். தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் படிப்பதும் வேலைக்குப் போவதும் மதுரைக்கு. அவர்கள் காலையில் அந்தப் பக்கம் போக வேண்டும், ரயிலோ இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. சென்னை ரயிலும் வாரம் மூன்று நாள்தான், அதுவும் இரவில்.

தேனிவரைக்குமே 500 கோடிக்கு மேல் செலவு செய்து, பாலத்தை எல்லாம் இடித்துக் கட்டி, தண்டவாளத்தை முதல்தரமாகப் போட்டிருக்கிறார்கள். அதில் ஏறி நின்ற எனக்குத் தெரியும், ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை, டம்ளரில் தண்ணீர் ததும்பாது. ஆனால் காலையில் கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் வருகிற பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தரம் என்றால் நாங்கள் ஜல்லியின் கனத்தையும் தண்டவாளத்தின் எடையையும் சொல்வோம். நேரத்தையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். என் வேலைக்காலத்தில் நானும் இதை யோசித்ததில்லை.

குரங்கணியான் | ஆகஸ்ட் 13, இரவு 8.15

உண்மைதான். ஜூன் 15 இரவு நான் பார்த்தது கிளம்புகிற ரயிலை. மறுநாள் காலை யார் ஏறினார்கள் என்று பார்க்கவில்லை. "வழி கெட்டது, ஊர் கெட்டது" என்று நான் எழுதியதில் ஒரு பாதி விட்டுப்போய்விட்டது. ரயில் வந்துவிட்டதால் ஊர் எழுந்துவிடும் என்று நானும் உட்கார்ந்துவிடுவேன் போலிருந்தது.

மலையடிவாரம் சார், உங்கள் ஆலை, கிடங்கு விஷயத்தில் இன்னும் எனக்குச் சண்டை இருக்கிறது. வழி இல்லாமல் முதல் வராது என்பதில் தோட்டத்தான் அண்ணன் பக்கம்தான் நான். அதைத் தனியாக வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு ஒரு மனு எழுதலாமா? விடியற்காலை போடியிலிருந்து மதுரைக்கு, மாலை மதுரையிலிருந்து போடிக்கு ஒரு ரயில். சீசன் டிக்கெட்டில் போகிற மாதிரி, முன்பதிவில்லாப் பெட்டிகளோடு. எத்தனை மணிக்கு மதுரை போய்ச் சேர வேண்டும் என்று தினம் போகிறவர்கள் இங்கே எழுதுங்கள்.

மலையடிவாரம் | ஆகஸ்ட் 13, இரவு 8.40

நானும் கையெழுத்துப் போடுகிறேன். கம்பம், சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து தேனி ஸ்டேஷனுக்கு அந்த நேரத்துக்குப் பேருந்து இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். இல்லையென்றால் ரயில் தேனிக்காரர்களுக்கு மட்டும்தான்.

செல்வி தேவாரம் | ஆகஸ்ட் 13, இரவு 9.05

மககிட்ட போன்ல கேட்டேன். ஏழரைக்கு வார்டுல நிக்கணுமாம், அதனால ஏழு மணிக்கு மதுரை ஸ்டேஷன்ல இறங்குற மாதிரி வேணும்னா. அதுக்கு போடியில அஞ்சு மணிக்குள்ள எடுக்கணும். முடியுமான்னு பெரியவரு சொல்லட்டும். அந்த நேரத்துக்கு எந்திரிக்கறது எங்களுக்குப் புதுசு இல்ல.